முன்பெட்டியில் போகிறவள்

வளைந்துகொண்டிருக்கிறது ரயில், பாலமே வளைந்துதான் பள்ளத்தாக்கைத் தாண்டுகிறது, கீழே பச்சையும் பழுப்புமாய்ப் புல்வெளி, அதற்கு அக்கரையில் மலைகளின் இடுக்கில் ஒரு துண்டுத் தண்ணீர், கடைசிப் பெட்டியின் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு முன்னால் பார்க்கிறார், முன்பெட்டிகள் வளைவில் திரும்பி வரிசையாகத் தெரிகின்றன, எஞ்சின் தெரிகிறது, அது கக்கும் வெள்ளைப் புகை தெரிகிறது, ஜன்னல்களில் தலைகள், கைகள், போன்கள், ஏனுங்க என்னத்த அப்படிப் பாக்கறீங்க என்று பக்கத்திலிருந்த நாச்சம்மாள் கேட்டாள், அவர் திரும்பாமலே சொன்னார், நம்ம வண்டி அக்கட்டப் போகுதுங்க, நம்மள உட்டுப்போட்டுப் போகுது. அதுவும் நாமதானுங்க, வண்டி வளையறதால முன்னாடிப் பொட்டி நமக்குத் தெரியுது, அவ்வளவுதான், என்றாள். அவர் நம்பவில்லை, நம்பாத முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா, ஆனாலும் மரியாதைக்கு, சரிங்க, என்றார். கட்டிய பெண்டாட்டியிடம் சரிங்க என்கிறார், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்வது போல, நாச்சம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பிளாஸ்க்கைத் திறந்து அவருக்கு டீ ஊற்றினாள்.

இப்படி ஒரு வளைவில்தான் எல்லாம் ஆரம்பித்தது, கல்யாணமான புதிது, ஆழியாறு அணையைத் தாண்டி பஸ் மலையேறுகிறது, அவர் அப்போது சேரன் பஸ்ஸில் டிரைவர், பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு, நாற்பது கொண்டை ஊசி வளைவு, தலையில் வைத்த மல்லிகை வாடுவதற்குள் புதுப்பெண்டாட்டியை மலையைக் காட்டுகிறேன் என்று தன் பஸ்ஸிலேயே டிக்கெட் எடுத்து உட்கார வைத்துவிட்டார், டிரைவருக்குப் பின்சீட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கிறாள், வயிற்றைப் புரட்டுகிறது, வெளியே சொல்ல வெட்கம், அவர் திரும்பிப் பார்க்க முடியாது, திரும்பினால் அத்தனை பேரும் பாதாளம்தான், அதனால் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்க்கிறார், வளைவு முடிந்து கொஞ்சம் நேர்ரோடு வந்தால் போதும், கண்ணாடியில் இரண்டு கண்கள் வந்து நிற்கின்றன, அடுத்த வளைவு வந்ததும் போய்விடுகின்றன, அவளும் நேர்ரோட்டுக்காகக் காத்திருக்கப் பழகிவிட்டாள், குமட்டல்கூட மறந்துபோனது. ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தினார், எஞ்சின் சூடு ஆறட்டும் என்று கண்டக்டரிடம் சாக்கு, அவளை இறக்கிக் கூட்டிக்கொண்டு போய்க் கைப்பிடிச் சுவரோரம் நிற்க வைத்துக் கீழே காட்டினார், தாங்கள் ஏறி வந்த ரோடு மடங்கி மடங்கிக் கிடக்கிறது, அதில் இன்னொரு பஸ் சின்னதாக ஊர்ந்து வருகிறது. அங்க பாரு அம்மிணி, சித்த முன்னாடி நாம அங்க இருந்தோம். அம்மிணி. ஊரில் யாரும் யாரையும் கூப்பிடும் சொல்தான், காய்கறிக்காரர்கூட அம்மிணி தக்காளி வேணுமா என்றுதான் கேட்பார், ஆனால் அவர் வாயிலிருந்து அது வந்தபோது தனக்கு வைத்த பெயர் அதுதான், அப்பாவும் அம்மாவும் வைத்ததெல்லாம் சும்மா என்று அவளுக்குத் தோன்றியது, இப்போது சொன்னால் யாராவது சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

மலையைக் காட்டுகிறேன் என்று கூட்டிப் போனவர் மலையைப் பார்த்ததே இல்லை, அதுதான் வேடிக்கை, வேலைக்காலம் முழுக்க அந்த மலையில் ஏறி இறங்கியவர், மேகம் எங்கே வந்து படியும், யானை எங்கே குறுக்கே வரும் என்றெல்லாம் அவருக்குத் தெரியும், ஆனால் கண் ரோட்டை விட்டு ஒரு நொடி விலகியதில்லை, சீட்டில் இருப்பவர்கள் அருவி அருவி என்று கத்துவார்கள், அவர் பிரேக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். என்னைக்காச்சும் ஒரு நாள் ரோட்டப் பாக்காம மலையப் பாக்கோணும் அம்மிணி, வேற எவனாச்சும் ஓட்டோணும், நான் ஜன்னலோரம் உக்கோந்து வரோணும், நீ பக்கத்துல, என்று ரிட்டயர் ஆகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார், ஆன பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார், அப்புறம் ஒருநாள் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் கொத்தமல்லிக் கட்டு வாங்கிக்கொண்டு நாச்சம்மாள் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம், நின்றிருந்த வால்பாறை பஸ்ஸில் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறார், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஜனம் இன்னும் ஏறலையா, நேரமாச்சு, என்கிறார், சுற்றி நின்று சின்னப் பையன்கள் சிரிக்கிறார்கள், அந்தச் சிரிப்பை நாச்சம்மாள் செத்தாலும் மறக்க மாட்டாள். கோயமுத்தூர் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார், மூளை சுருங்கிக்கொண்டு வருகிறது, புதுசு முதலில் போகும், பழசு கடைசியில்தான் போகும். அப்ப நான் புதுசுங்களா பழசுங்களா, என்று கேட்டாள். டாக்டர் சிரித்து, நீங்க பழசுதானம்மா, பயப்படாதீங்க, என்றார். பயப்படாமல்தான் வந்தாள், ஒரு வருஷம் பயப்படாமல் இருந்தாள், லண்டனில் இருக்கும் மகள் மேகலா போனில் கேட்கும்போதெல்லாம், அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு, வயசானா வர்ற மறதிதான், என்று மூடி மறைத்தாள், தெரிந்தால் இந்தப் பயணத்தை நிறுத்திவிடுவாளே, அப்பாவின் ஆசை என்று மகள் பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்தது, ஸ்காட்லாந்து மலைகள், ரயிலில் கொஞ்சம், சொகுசு பஸ்ஸில் கொஞ்சம், வேறு யாரோ ஓட்டுவார்கள், அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தால் போதும். மகளும் கூட வருவதாகத்தான் இருந்தது, கிளம்பும் நாளில் பேரனுக்கு அம்மை போட்டுவிட்டது. நாச்சம்மாளுக்கு உள்ளூர ஒரு நிம்மதி, பொய் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டாமே, அவளுக்கு வேண்டியது இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அவர் மலையைப் பார்த்துவிட்டு, அங்க பாரு அம்மிணி, என்று ஒரு தடவை சொல்ல வேண்டும், மறந்து தொலைப்பதை அப்புறம் மறந்து தொலைக்கட்டும்.

அவர் பெயர் சென்னியப்பன், அதை நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, நாச்சம்மாள் சொல்ல மாட்டாள், கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயர் அவள் நாக்கில் வந்ததில்லை, சொன்னால் புருஷனின் ஆயுசு கரையும் என்பது அவள் வளர்ந்த வீட்டில் எல்லாரும் கண்ட உண்மை, சென்னிமலை முருகனுக்கு நேர்ந்து வைத்த பெயர், அதனால் அவளுக்குச் சென்னிமலையும் போச்சு, ஜவுளிக்கடையில் அந்த மலைப் போர்வை இருக்குதுங்களா என்று கேட்பாள், எந்த மலைங்க என்று கடைக்காரர் வேண்டுமென்றே கேட்பார், மேகலா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். ஏனுங்க என்ற ஒரு சொல்லிலேயே குடும்பம் நடந்துவிட்டது, கோபத்துக்கு ஒரு ஏனுங்க, சோறு ஆகிவிட்டது என்பதற்கு ஒரு ஏனுங்க. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவருடைய அம்மா ஒருத்திதான், வாசலில் நின்று சென்னியா என்று கடைசி எழுத்தை இழுத்தாள் என்றால் மூன்று தெருவுக்குக் கேட்கும், ரிட்டயர் ஆக இருந்த மகனைக்கூட அப்படித்தான் கூப்பிட்டாள், கிழவி போனதோடு அந்தக் கூப்பாடும் போனது. இந்த ஊருக்கு வந்த பிறகு ஒரு கூத்து நடந்தது, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அவருடைய அப்பா பெயரைப் போட்டிருக்கிறார்கள், நம் ஜனங்கள் எல்லாரும் செய்வதுதான், மகளும் அதைப் பார்த்து டிக்கெட் போட்டாள், கிளாஸ்கோ ஸ்டேஷனில் சிவப்புக் கோட்டுப் போட்ட வழிகாட்டிப் பெண், மோரா என்று பெயர், பெரிய சிரிப்போடு வந்து கை கொடுத்தாள், வெல்கம் மிஸ்டர் மாரப்பன், வெல்கம் மிஸஸ் மாரப்பன். அட கடவுளே, மாரப்பன் மாமனார், அணைக்கட்டு வேலைக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு சின்ன வயசிலேயே போய்ச் சேர்ந்தவர், சென்னியப்பனுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகும் வயசு, நாச்சம்மாள் அவரை போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள், அவருக்கா நான் சம்சாரம், என் மாமியாரல்லவா மிஸஸ் மாரப்பன், என்று அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது, எஸ் எஸ் என்று தலையாட்டி வைத்தாள். ஏறும்போதெல்லாம் மோரா ஆள் எண்ணுவாள், மிஸ்டர் மாரப்பன் என்று கேட்டதும் அவர் திடுக்கிட்டு எழுந்து சுற்றுமுற்றும் பார்ப்பார், எங்கய்யன் வந்திருக்காரா, என்பார் மெதுவாக. இல்லீங்க, உங்களத்தான், உக்காருங்க, என்று அவள் கையைப் பிடித்து இழுப்பாள்.

ரயில் போய் நின்ற கடலோர ஊரில் சொகுசு பஸ் காத்திருந்தது, அப்புறம் மலை, மலை, தண்ணீர், திரும்பவும் மலை, இவர்கள் ஏரியை ஏரி என்று சொல்வதில்லை, லாக் என்கிறார்கள், ஒவ்வொரு லாக்கும் ஒவ்வொரு நிறம், ஒன்று ஈயம், ஒன்று கருநீலம், மலைச்சரிவில் ஆடுகள் சிதறிக் கிடக்கின்றன, மரமே இல்லாத மலைகள், பார்க்கவே என்னவோ போல் இருக்கிறது, மேலிருந்து வெள்ளைக் கோடாக அருவி, பஸ்ஸில் எல்லாரும் ஓஹோ என்கிறார்கள், நாச்சம்மாள் அவர் முகவாயைப் பிடித்துத் திருப்புகிறாள், அக்கட்டப் பாருங்க, அருவி பாருங்க, இதுக்குத்தானே வந்தோம். அவர் திரும்ப மாட்டேன் என்கிறார், டிரைவருக்குப் பின்சீட்டு, கண் ரோட்டிலேயே நட்டுக்கிடக்கிறது, வளைவு வரும்போதெல்லாம் வலது கால் தரையில் பிரேக்கை அழுத்துகிறது, எதிரே லாரி வந்தால் தோள் இடப்பக்கம் சாய்கிறது, பேசாதீங்கம்மா, வளைவு வருது, டிரைவர்கிட்டப் பேசக் கூடாதுங்க, என்கிறார். சீட்டும் ஜன்னலும் மலையும் எல்லாம் கொடுத்தாகிவிட்டது, ஆள் இன்னும் வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறார், என்ன செய்வது, நாச்சம்மாள் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தாள், அவர் சாப்பிடவில்லை, டிரைவரின் தலைக்கு மேலிருந்த கண்ணாடியையே உற்றுப் பார்த்தார். ஏனுங்க யாரு அந்தக் கெழவி, கண்ணாடில என்னையே பாக்கறா, என்று அவள் காதருகே கேட்டார். நாச்சம்மாள் நிமிர்ந்து பார்த்தாள், கண்ணாடியில் அவர் கண்கள் இருந்தன, பக்கத்தில் நரைத்த தலையும் கறுப்பு ஸ்வெட்டருமாய் அவள் இருந்தாள். சிரிக்கத்தான் பார்த்தாள். அது உங்க பொண்டாட்டிங்க, என்றாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது, என்ற பொண்டாட்டி சின்னப்புள்ளைங்க, மல்லிப்பூ வெச்சிருப்பா, வாந்தி வருதுன்னு சொல்ல வெக்கப்படுவா, இந்தக் கெழவியப் போயி, என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் மறக்கப்படவில்லை, அந்த வால்பாறை பஸ்ஸிலேயே உட்கார வைக்கப்பட்டிருக்கிறாள், அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தவள்தான் யாரென்று தெரியாதவள் ஆகிவிட்டாள், சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் நாச்சம்மாள் புளிச்சோற்றைத் திரும்பப் பொட்டலம் கட்டினாள்.

ஒரு லாக்கின் கரையில் டீ குடிக்க நிறுத்தினார்கள், ஓட்டுவீடு மாதிரி ஒரு கடை, வெளியே மரப்பெஞ்சு, பெஞ்சில் அவரை உட்கார வைத்துச் சால்வையைப் போர்த்தி, கொஞ்சம் பார்த்துக்கொள் என்று மோராவிடம் கண்ணாலும் கையாலும் சொல்லிவிட்டு நாச்சம்மாள் பாத்ரூம் போனாள், மோரா தலையாட்டினாள்தான், அவளைக் குற்றம் சொல்ல முடியாது, அந்நேரம் பார்த்து ஊன்றுகோல் வைத்திருந்த ஒரு பெரியவர் படியில் தடுமாறினார், அவரைப் பிடிக்க ஓடினாள், அதற்குள் மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கிவிட்டது, வால்பாறையில் இறங்குவது போலவேதான், வா என்று யாரும் கூப்பிடாமல் வந்து எல்லாவற்றையும் மூடிவிடும், நாச்சம்மாள் திரும்பி வந்தபோது பெஞ்சில் சால்வை மட்டும் இருந்தது, அதை வாரி எடுத்துக்கொண்டாள். ஏனுங்க, என்றாள். ஏனுங்க, ஏனுங்க, என்று கடையைச் சுற்றி வந்தாள், பஸ்ஸுக்குள் ஏறிப் பார்த்தாள், டிரைவர் சீட்டைக்கூடப் பார்த்தாள், காலியாக இருந்தது, இறங்கி மோராவிடம் ஓடினாள். மோராவின் முகம் வெளுத்துவிட்டது, விசில் ஊதி எல்லாரையும் கூப்பிட்டாள், வந்திருந்தவர்கள் எல்லாரும் வயசானவர்கள், டீக்கோப்பைகளை அப்படியே வைத்துவிட்டுக் கரையோரம் பரவினார்கள், ஒருத்தர் பெயரும் அவளுக்குத் தெரியாது, ஒருத்தருக்கும் அவளோடு பேச்சில்லை, எல்லாரும் தொண்டை கிழியக் கூப்பிட்டார்கள், மாரப்பன், மிஸ்டர் மாரப்பன், என்று அந்த மூட்டத்துக்குள், மலை அதை வாங்கித் திருப்பி அனுப்பியது, அணைக்கட்டில் செத்துப்போன மனுஷனைச் சீமையில் ஒரு கூட்டமே நின்று கூப்பிடுகிறது. மோரா கையிலிருந்த தாளைப் பார்த்தாள், சி மாரப்பன் என்றுதான் இருந்தது, சி என்றால் என்ன, அவர் சொந்தப் பெயர் என்ன, வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள், என்று கேட்டாள், அது நாச்சம்மாளுக்குப் புரிந்தது, வாயைத் திறந்தாள், வரவில்லை, உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை, ஏனுங்க, என்றாள் மோராவிடம், வேறென்ன சொல்வது, அவள் கூப்பிடும் பெயர் அதுதானே, மோராவும் பாவம் அதுதான் பெயர் என்று நினைத்துக்கொண்டு, யேனுங்கா, யேனுங்கா, என்று ஓடினாள்.

தண்ணீர்ப் பக்கமிருந்து குரல் கேட்டது, சின்னக் குரல், ஏனுங்கய்யா, இங்க இருக்கறனுங்க, என்று. நாச்சம்மாள் செருப்பை உதறிவிட்டுக் கூழாங்கல்லில் ஓடினாள், மூட்டம் கொஞ்சம் விலகியது, அவர் தண்ணீருக்குள் நிற்கிறார், முழங்காலுக்கு மேல், முதுகு தெரிகிறது, மாரப்பன் என்று பின்னாலிருந்து ஒரு குரல் கூப்பிடுகிறது, மலை அதை எதிர்க்கரையிலிருந்து கூப்பிடுகிறது, அவர் எதிர்க்கரையைப் பார்த்து இன்னொரு அடி வைக்கிறார், வந்துட்டனுங்கய்யா, என்கிறார், இன்னொரு அடி, தண்ணீர் தொடைக்கு வந்துவிட்டது. ஏனுங்க, என்று கத்தினாள் நாச்சம்மாள், அவர் திரும்பவில்லை, ஏன் திரும்ப வேண்டும், ஊரில் எல்லாப் பெண்களும் எல்லா ஆண்களையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், யாரோ யாரையோ கூப்பிடுகிறாள். மாரப்பன், மாரப்பன், என்று கரை நெடுகக் கூப்பாடு, ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் ஓர் அடி உள்ளே போகிறார், நாச்சம்மாள் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டினாள், நோ மாரப்பன், நோ, நோ மாரப்பன், என்று வெள்ளைக்காரர்களைப் பார்த்து அலறினாள், அவர்களுக்கு என்ன புரிந்ததோ, அதட்டலில் அடங்கிவிட்டார்கள், கரை அமைதியாகிவிட்டது, தண்ணீர் கல்லில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. இடுப்பளவுத் தண்ணீரில் அவர் அப்பாவுக்காகக் காத்து நிற்கிறார். நீச்சல் தெரியாது, அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஒரு கூப்பாட்டுக்கு ஒரு வருஷம் கரைந்தாலும் கரையட்டும், இப்போது போவதற்கு அப்போது போகட்டும் என்று அவள் நெஞ்சுக்குள் யாரிடமோ சொன்னாள், மூச்சை இழுத்தாள், வாழ்நாளெல்லாம் பல்லுக்குப் பின்னால் கட்டிப்போட்டிருந்தது வெளியே வந்தது, சென்னியா, என்று, தன் குரலாகவே இல்லை, மாமியார் வாசலில் நின்று கூப்பிடுவதை எத்தனை காலம் கேட்டிருக்கிறாள், அதே இழுப்பு, அதே உயரம், சென்னியா, ஏ சென்னியா.

அவர் திரும்பினார். திரும்பியதும் அவர் முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே, அதைத்தான் அவள் கோயமுத்தூரிலிருந்து கிளாஸ்கோ வரைக்கும் தேடிக்கொண்டு வந்தாள், அடையாளம் தெரிந்துகொண்ட முகம், இவள் என்னுடையவள் என்று தெரிந்த முகம், தண்ணீரைத் தள்ளிக்கொண்டு குடுகுடுவென்று கரைக்கு வந்தார், நடுங்குகிறார், பல் கிட்டுகிறது, சிரிக்கிறார். வந்துட்டேம்மா, என்றார். அடிக்காதம்மா, அய்யனக் கூப்பிட்டாங்க, அதான் போனேன். அவள் கையில் சால்வை இருந்தது, அதைப் போர்த்தக்கூடத் தோன்றவில்லை, அவர் முகத்தில் சந்தேகமே இல்லை, அத்தனை நாளும் இருந்த திகைப்பும் மரியாதையும் போய்விட்டது, வாங்க போங்க போய்விட்டது, அவள் யாரென்று அவருக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது, இல்லை கண்ணு நான் உன் அம்மா இல்லை, என்று சொல்லிவிடலாம், சொன்னால் அந்த முகம் என்ன ஆகும், திரும்பவும் அவர் அய்யாவைத் தேடிக்கொண்டு தண்ணீருக்குத்தானே போவார். பழசு கடைசியில்தான் போகும் என்று டாக்டர் சொன்னாரே, அவளுக்கும் முந்தின பழசு ஒன்று இருந்தது, அங்கே அவளுக்கு இடமில்லை. அய்யன் வேலைக்குப் போயிருக்காரு, என்றாள், குரல் உடைந்தது, திரும்பச் சொன்னாள். அய்யன் வேலைக்குப் போயிருக்காரு, பொழுதோட வருவாரு, நீ வா கண்ணு. கீழே உட்கார்ந்து அவர் ஈரக் காலைத் தன் முந்தானையால் துடைத்தாள், விரல் விரலாக, அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றார், அவள் அழுதாள், மறைக்கவில்லை, சத்தமாகவே அழுதாள். தலையைத் தடவி, அழுவாதம்மா, இனிமே போக மாட்டேன், என்றார்.

மோரா ஓடி வந்து இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள், அந்தப் பெண்ணும் அழுதுகொண்டிருந்தாள், மிஸஸ் மாரப்பன், மிஸஸ் மாரப்பன், ஆர் யூ ஆல்ரைட், என்று கேட்டாள், கிளாஸ்கோ ஸ்டேஷனில் சிரிப்பு வந்த அந்தப் பெயருக்கு நாச்சம்மாள் இப்போது, எஸ், என்றாள், சிரிப்பு வரவில்லை. ஓட்டலுக்கு வந்ததும் மேகலாவுக்கு போன் போட்டாள், ஒன்றையும் மறைக்கவில்லை, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள், அந்தப் பக்கம் மகள் பேச முடியாமல் விசும்பினாள், ஏம்மா தனியாவே வெச்சிருந்தே, என்று மட்டும் கேட்டாள், நாளைக்கு ரயில் வந்து சேரும்போது நான் கிளாஸ்கோவில் நிற்கிறேன் என்றாள். கட்டிலில் அவர் சூடான பாலைக் குடித்துவிட்டுச் சமர்த்தாகப் படுத்திருந்தார், போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள், ஊரிலிருந்து கொண்டுவந்த போர்வை, ஓட்டல் கம்பளியின் மேல் விரித்தது. இது எந்த ஊரு போர்வம்மா, என்றார். சென்னிமலைப் போர்வை கண்ணு, என்றாள், அவ்வளவு லேசாக வந்துவிட்டது, இத்தனை வருஷம் எதற்காகப் பயந்தோம் என்று தோன்றியது, அவர் கண்ணை மூடிக்கொண்டார், அவள் விளக்கின் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

திரும்பும் ரயில், அதே கடைசிப் பெட்டி, வானம் இன்றைக்கு வெளுத்திருக்கிறது, அவர் ஜன்னலோரம், கால் பிரேக்கை அழுத்தவில்லை, கண் ரோட்டைத் தேடவில்லை, ஓட்டுவதை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்தவர் மாதிரி மூக்கைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் காட்டுகிறார், அங்க பாரும்மா ஆடு, அங்க பாரும்மா அருவி, எம்மாம் பெரிய மலை பாரும்மா, கடைசியில் மலையைப் பார்த்துவிட்டார், அவள் கேட்டது கிடைத்துவிட்டது, ஒரே ஒரு சொல் மட்டும் மாறிக் கிடைத்தது, உம் கொட்டிக்கொண்டே வருகிறாள், புளிச்சோற்றை உருட்டி அவர் கையில் வைக்கிறாள், அவர் சாப்பிடுகிறார், உதட்டோரம் ஒட்டியிருந்த பருக்கையைத் துடைத்துவிடுகிறாள், ரயில் மெதுவாகிறது, பாலம் வருகிறது, வளைகிறது, முன்பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வெயிலில் தெரிகின்றன, எஞ்சின், புகை, ஜன்னல்களில் தலைகள், கைகள். அம்மா அங்க இன்னொரு வண்டி போகுது, என்றார். அதுல யாரும்மா போறாங்க. அதுவும் நாமதான் என்று நாச்சம்மாளின் வாய் வரைக்கும் வந்தது, அவர் திரும்பி அவளைப் பார்த்தார், ஒரு பிள்ளை அம்மாவைப் பார்க்கிற பார்வை, சொன்னதை நம்புகிற பார்வை. அதுலயா, என்றாள். அதுல உன்ற பொண்டாட்டி போறா கண்ணு, கையக் காட்டு.

அவர் வெட்கப்பட்டார், உண்மையாகவே வெட்கப்பட்டார், அப்புறம் கையை உயர்த்தி மெதுவாக ஆட்டினார், வளைவின் அந்தப் பக்கத்தில் யாரோ படம் எடுக்க வெளியே நீட்டியிருந்த கை, இவர்களைப் பார்த்துத்தானோ வேறு யாரைப் பார்த்தோ, அதுவும் அசைந்தது, அவர் துள்ளி எழுந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். பாரும்மா, அங்க பாரு, அம்மிணி கைய ஆட்டுறா, என்றார். ரயில் நேராகிக்கொண்டிருந்தது, முன்பெட்டிகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன, கடைசி ஜன்னலும் மறையும் வரைக்கும் நாச்சம்மாள் அவர் பக்கத்தில் எழுந்து நின்று அவளுக்குக் கை காட்டினாள்.